வீடும் ஆசானும் தந்த செல்வம்

நுழையும்முன்

ஒருவர் தம் முன்னோரிடமிருந்து பெறுவன நிலமும் வீடும் மட்டுமல்ல. பேசும் முறை, உண்ணும் முறை, பிறரை மதிக்கும் முறை, எதனைப் பெரிதெனக் கருதுவது என்னும் மதிப்பீடு ஆகியனவும் பரம்பரைச் செல்வங்களே. இச்செல்வத்தை அப்படியே காத்துக்கொள்வோர் உண்டு, இழந்துவிடுவோரும் உண்டு. அதனைப் பெருக்கித் தம் நாட்டிற்கே உடைமையாக்கியோர் மிகச் சிலர். அத்தகையோருள் ஒருவரான உ.வே.சாமிநாதையரைக் குடும்பமும் மரபும் வளர்ப்பும் எவ்வாறு உருவாக்கின என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

குடிமரபு

பாபநாசத்திற்கு அருகிலுள்ள சிற்றூர் உத்தமதானபுரம். அவ்வூரினரான வேங்கடசுப்பையருக்கும் சரசுவதி அம்மையாருக்கும் மகனாக 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் சாமிநாதர் பிறந்தார். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் வழங்கிய பெயரே சாமிநாதன். தாய்வழிப் பாட்டனார் கிருஷ்ண சாஸ்திரிகள் சிவபூசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். நீறணிந்து இறைவனை வணங்கும் ஒழுக்கம் பாட்டனார் வழியாகப் பேரனின் உள்ளத்தில் இளமையிலேயே பதிந்தது.

குடும்பத்தில் செல்வம் இல்லை. ஆயினும், உறவினர் வந்தால் உபசரிப்பதும், கற்றோரைக் கண்டால் எழுந்து வணங்குவதும், உதவி செய்தவரை மறவாதிருப்பதும் அவ்வீட்டில் தவறாத வழக்கங்களாக இருந்தன. பின்னாளில் சாமிநாதையரின் அடையாளமாக விளங்கிய பணிவும் நன்றியுணர்வும் இவ்வழக்கங்களில் வேர்கொண்டவை.

இசை முழங்கிய இல்லம்

வேங்கடசுப்பையர் இசைவாணர். அக்காலத்தில் புகழ்பெற்று விளங்கிய கனம் கிருஷ்ணையர் அவருக்கு நெருங்கிய உறவினர். அவரிடமே பல்லாண்டு தங்கி இசை பயின்றார். ஊர்தோறும் சென்று இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடிப் பொருள் விரித்துரைப்பது அவருடைய தொழில். அதில் கிடைத்த வருவாயில்தான் குடும்பம் நடந்தது.

தந்தையின் பாட்டைக் கேட்டபடியே மகன் வளர்ந்தார். ஏட்டில் எழுத்தாகக் காண்பதற்கு முன்பே தமிழ்ப் பாடல்கள் அவருடைய செவிக்குள் ஓசையாகப் புகுந்தன. எதுகையும் மோனையும் எவை என்று அறியுமுன்பே அவற்றின் இனிமை அவருக்குப் பழகிவிட்டது. இசையறிவே மகனுக்குத் தாம் வைக்கக்கூடிய சொத்து எனத் தந்தையார் எண்ணினார். ஆனால், மகனின் நாட்டமோ பாட்டின் பண்ணைக் காட்டிலும் அதன் சொல்லிலும் பொருளிலும் சென்றது.

ஊர்விட்டு ஊர்

ஆங்கிலம் கற்றால் இவ்வுலக வாழ்வு சிறக்கும், வடமொழி கற்றால் மறுமைப் பயன் கிட்டும் என உறவினர் பலர் அறிவுரை கூறினர். தமிழ் கற்பதால் என்ன பயன் என்று கேட்போரே மிகுதி. இவற்றையெல்லாம் கேட்ட வேங்கடசுப்பையர், இறுதியில் மகனின் விருப்பத்திற்கே செவிசாய்த்தார். தமிழ் கற்பிக்க வல்லார் எவ்வூரில் உள்ளாரோ அவ்வூருக்குக் குடும்பத்தோடு பெயர்ந்தார். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் எனப் பலரிடம் சாமிநாதர் பாடம் கேட்டார். சடகோபையங்கார் வைணவர், ஆயினும், அவர் ஊட்டிய தமிழ்ச்சுவை சைவக் குடும்பத்துச் சிறுவனை ஆட்கொண்டது.

தந்தையார் தாம் அறியாத ஒரு கல்வியை மகன் பெறுவதற்காகத் தம் வசதியையும் வருவாயையும் விட்டுக்கொடுத்தார். தம் வழியிலேயே மகனும் நடக்க வேண்டும் என வற்புறுத்தாத அப்பெருந்தன்மை, அவர் வைத்துச்சென்ற சொத்துகளுள் தலையாயது எனலாம்.

ஆசானின் நிழலில்

1871ஆம் ஆண்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனை ஒப்படைத்தார் வேங்கடசுப்பையர். சாமிநாதன் என்னும் பெயரை விரும்பி அழைத்தவர் பிள்ளையே; அப்பெயரே நிலைபெற்றது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அப்போது மாயூரத்தில் வாழ்ந்தார். தந்தையின் விருப்பப்படி மாணவர் அவரிடம் இசையும் பயின்றுவந்தார். இதனை அறிந்த பிள்ளை, இசையில் மனம் சென்றால் இலக்கியப் பயிற்சி குறையும் எனக் கருதினார். மாணவருக்கு அது கடினமான நேரம். ஒருபுறம் தந்தையின் குடிச்செல்வம். மறுபுறம் ஆசானின் திருவுள்ளம். அவர் இசைப்பயிற்சியை நிறுத்திக்கொண்டார்.

பிள்ளையின் வீடு சாமிநாதருக்கு இரண்டாம் பிறந்தகமாயிற்று. அங்குச் சாதி, சமய வேறுபாடின்றி மாணவர்கள் பாடம் கேட்டனர். கிறித்தவரான சவரிராயலு நாயகரும் அவர்களுள் ஒருவர். தம் வறுமையைப் பொருட்படுத்தாது மாணவர்க்கு உணவளித்துக் கற்பித்த ஆசானின் வாழ்க்கையே பெரும்பாடமாக அமைந்தது. 1876ஆம் ஆண்டு ஆசான் மறையும்வரை அவருடனேயே இருந்தார் சாமிநாதர். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்தார்.

எல்லை கடந்த கல்வி

1880ஆம் ஆண்டு தியாகராச செட்டியாரின் முயற்சியால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார் சாமிநாதையர். அவ்வாண்டில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாக எடுத்துக் கூறினார். முதலியார் வியப்படையவில்லை, சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைக் கற்றதுண்டா என வினவினார். அவற்றைச் சாமிநாதையர் கற்றதில்லை. தம் குடும்பமும் ஆசானும் தந்த கல்வி பெரிது. ஆயினும், தமிழ் அதனினும் பெரிது என அன்று உணர்ந்தார்.

சிந்தாமணி சமண முனிவர் திருத்தக்கதேவர் இயற்றிய காப்பியம். அதன் சமயக் கருத்துகள் சைவ நூல்களைக் கற்றவருக்கு எளிதில் விளங்கவில்லை. அவர் தயங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் இல்லங்களுக்குச் சென்று, தம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். கல்லூரி ஆசிரியராக இருந்தும் அங்கு மாணவராகவே அமர்ந்தார். சைவர் ஒருவர் சமண நூலைப் பதிப்பிப்பதா எனக் குறை கூறியோரும் இருந்தனர். அவருடைய இறைவழிபாடும் குன்றவில்லை. பதிப்புப் பணியும் நிற்கவில்லை. 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணி அச்சேறியது. மணிமேகலையைப் பதிப்பித்தபோது பௌத்தக் கருத்துகளை மளூர் அரங்காசாரியாரிடம் கேட்டறிந்தார். 1898இல் அந்நூலும் வெளிவந்தது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு ஆகியனவும் இக்காலத்திலேயே ஒளிபெற்றன.

ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. குறில் நெடில் வேறுபாடு தெளிவாக இராது. பாடலின் அடிகள் பிரிக்கப்படாமல் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கும். அவற்றைப் படித்துச் சீரும் தளையும் சிதையாமல் அடிவரையறை செய்வதற்கு ஓசையறிந்த செவி தேவை. தந்தையின் பாட்டைக் கேட்டுப் பழகிய செவி, இசைமேடை ஏறாவிடினும் இவ்வாறு தமிழுக்குப் பயன்பட்டது.

நன்றியே பண்பாடு

சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில் திருவல்லிக்கேணியில் குடியிருந்த சாமிநாதையர், தம் இல்லத்திற்குத் 'தியாகராச விலாசம்' எனப் பெயரிட்டார். கல்லூரிப் பணியைப் பெற்றுத்தந்தவருக்கு அவர் செலுத்திய நன்றி அது. ஆசானின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதினார். கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகிய இசைவாணர்களின் வரலாறுகளையும் எழுதினார். இளமையில் ஆசானுக்காகத் துறந்த தந்தையின் இசைமரபுக்கு முதுமையில் எழுத்தால் கடன் தீர்த்தார்.

1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டமும் அவரை நாடி வந்தன. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அவர் மறைந்தார்.

பாட்டனார் பக்தியைத் தந்தார்; தந்தையார் செவியைப் பண்படுத்தினார்; ஆசான் கல்வியையும் பரந்த உள்ளத்தையும் அளித்தார். பெற்றவற்றைப் போற்றிய சாமிநாதையர் அவற்றோடு நின்றுவிடவில்லை. தம் வீட்டில் இல்லாததைப் பிறர் வீட்டு வாயிலில் நின்று கேட்டுப் பெற்றார். அவர் அவ்வாறு கேட்டதனாலேயே, மறையவிருந்த பழந்தமிழ்ச் செல்வம் இன்று நம் ஒவ்வொருவர் வீட்டின் பரம்பரைச் சொத்தாகியுள்ளது.