கொசுவின் குற்றத்தைக் கண்டவர்

மலேரியா ஜுரம் கெட்ட காற்றினால் வருவது என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அப்பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். அப்பழியைக் காற்றினின்று நீக்கிக் கொசுவின்மேல் நாட்டியவர் ஸர் ரொனால்டு ராஸ். அது நடந்தது நமது பாரத நாட்டிலே என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

ராஸ் 1857-ஆம் ஆண்டு இமயமலைப் பக்கத்து அல்மோராவில், ராணுவ அதிகாரி ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். எட்டு வயதில் இங்கிலாந்து சென்றார். கவிதையிலும் சங்கீதத்திலும் நாட்டங்கொண்ட அவரை வைத்தியம் படிக்க வைத்தவர் தந்தையே. 1881-இல் இந்திய மருத்துவ சர்வீஸில் சேர்ந்து, சென்னை மாகாணத்தில் வேலை ஏற்றார்.

1894-இல் விடுமுறையில் லண்டன் சென்றபோது, பாட்ரிக் மான்ஸன் என்னும் டாக்டர், நோயாளியின் இரத்தத்திலுள்ள மலேரியாக் கிருமியை அவருக்குக் காட்டினார். அதனைப் பிரெஞ்சு டாக்டர் லாவெரான் 1880-இலேயே கண்டறிந்திருந்தார். கொசுவுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பது மான்ஸனின் ஊகம். மறு ஆண்டு செகந்திராபாத் வந்த ராஸ், கொசுக்களை அறுத்துப் பார்க்கலானார். இரண்டாண்டு பலனில்லை, அறுத்தவை வேறு ஜாதிக் கொசுக்கள்! புழுக்கத்திலும் பங்கா இழுக்க வழியில்லை, கொசுக்கள் பறந்துவிடுமே. வியர்வை பட்டு மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருவேறின. ஹுஸேன் கான் என்ற நோயாளி, கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி பெற்றுக் கடிபட்டார். அவரைக் கடித்த புள்ளிச்சிறகுக் கொசுவின் இரைப்பைச் சுவரில், 1897 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, கிருமி வளர்வதை ராஸ் கண்டார்.

அடுத்த மாதமே மாற்றல் உத்தரவு! போய்ச் சேர்ந்த இடமோ ராஜபுதனத்துக் கேர்வாரா. ஆராய்வதற்கு அங்கே மலேரியாவே அரிது. மாற்றல் உத்தரவு எவருடைய அரைகுறை வேலையையும் கேட்டு வருவதில்லை என்பதை ரயில்வேக் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. மான்ஸன் மேலிடத்தில் முயன்றதன் பேரில், 1898-இல் அவரைக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். அங்கே மனித நோயாளிகள் வாய்க்காமையால் பறவைகளுக்கு வரும் மலேரியாவை எடுத்துக்கொண்டார். ஜூலையில் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியிலேயே கிருமிகளைக் கண்டார். கொசு கடித்த நல்ல குருவிகளுக்கு நோய் தொற்றியது, வழி தெளிவாயிற்று. இரவும் பகலும் கொசு பிடித்தும் வளர்த்தும் உடனிருந்த முகம்மது பக்ஸை இன்று நினைப்பவர் சிலரே. அது நியாயமன்று என்பது நமது எண்ணம்.

அதே ஆண்டில், மனிதருக்கு மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் என்னும் கொசு என இத்தாலியில் கிராஸி நிறுவினார். முதன்மை யாருக்கு என்று இருவருக்கும் கடும் பிணக்கு மூண்டது. 1902-இல் நோபல் பரிசு ராஸ் ஒருவருக்கே கிடைத்தது. அதன் பிறகும் அப்பிணக்கை அவர் விட்டாரில்லை. அத்தனை பெரியவருக்கு அது அழகன்று.

கல்கத்தா ஆஸ்பத்திரியில் தமக்கு எழுப்பிய நினைவு வாயிலை 1927-இல் ராஸ் தாமே வந்து திறந்தார். 1932 செப்டம்பரில் லண்டனில் காலமானார்.