போட்டோ எடுத்தா ‘ஜெர்டன்’னு சொல்லுதே பேர்ட் ஆப்... யார் இவர்?

செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்கவரம், குன்றைக் குடைந்து செய்த அரங்கநாதர் கோயிலுக்குப் பெயர் போனது. பாறையும் முள்புதரும் கலந்த இந்த மாதிரி நிலத்தில், சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பழுப்புப் பறவை உண்டு. பாறை மேலிருந்து படபடவென மேலே போய், காலைத் தொங்கவிட்டபடி பாராசூட் மாதிரி இறங்கும். அதை போட்டோ எடுத்து மெர்லின் ஆப்பில் போட்டால், ‘ஜெர்டன்ஸ் புஷ்லார்க்’ என்று வரும்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகம், 2014-ல் வட அமெரிக்கப் பறவைகளுக்காக மட்டும் தொடங்கிய ஆப் அது. இப்போ நம்ம ஊர்ப் பறவைக்கும் சில நொடியில் பெயர் சொல்கிறது. ஆனால், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் காலத்தில் ஒரு பறவையின் பெயரைத் தெரிந்துகொள்ள முதலில் அதைச் சுட வேண்டும். தோலை உரித்துப் பதப்படுத்த வேண்டும். பிறகு அதைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் 1811-ல் இங்கிலாந்தின் டரம் பகுதியில், ஸ்காட்லாந்துக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி சர்ஜனாக 1836 பிப்ரவரியில் சென்னை வந்து இறங்கினார். முதல் வேலை கஞ்சம் பகுதியில், காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் விழுந்த சிப்பாய்களுக்கு வைத்தியம். அடுத்து குதிரைப்படையோடு திருச்சி, தக்காணம் என்று ஊர் ஊராக அலைச்சல். போன இடமெல்லாம் பறவை சேகரித்தார்.

சேகரித்ததற்கெல்லாம் பெயர் வேண்டுமே? அன்றைக்கு அதைச் சொல்லக்கூடிய நிபுணர்களும், ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான அருங்காட்சியகங்களும் பெரும்பாலும் ஐரோப்பாவில்தான். ஜெர்டன் தன் சேகரிப்பை ஸ்காட்லாந்தில் இருந்த வில்லியம் ஜார்டினுக்கு அனுப்பினார். பார்சல் போய்ச் சேர்ந்தபோது அதில் அந்துப்பூச்சி புகுந்திருந்தது. இத்தனை நாள் உழைப்பு, பூச்சிக்குத் தீனி.

வேறு ஒருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். ஜெர்டன், இனி அடையாளம் காணும் வேலையை இங்கேயே, தானே செய்துகொள்வது என்று முடிவெடுத்தார். 1839-40-ல் சென்னையின் ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்ரேச்சர் அண்ட் சயின்ஸ்’ இதழில் அவருடைய பட்டியல் வந்தது. அதில் 420 இனங்கள். அதற்கு முன் கர்னல் சைக்ஸ் வெளியிட்ட தக்காணப் பட்டியலைவிட கிட்டத்தட்ட இரு மடங்கு.

தானே என்று சொன்னாலும் அவர் தனியாகச் செய்யவில்லை. நெல்லூரில் சிவில் சர்ஜனாக இருந்தபோது யானாதி மக்களோடு பழகி, பறவை, விலங்குகளின் உள்ளூர்ப் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1840-களில் 50 வண்ணப் படங்களோடு சென்னையில் அவர் வெளியிட்ட நூலுக்கு இந்திய ஓவியர்களை வரைய வைத்தார். கேமரா கைக்கு வராத காலம். ஊர்விட்டு ஊர் ஒரு பறவையைக் காட்ட வேண்டுமென்றால் அந்த ஓவியம்தான் போட்டோ. புத்தக அட்டையில் என்னவோ டாக்டர் பெயர்தான்.

அவருடைய ஆர்வம் பறவையோடு நிற்கவில்லை. தென்னிந்திய எறும்புகளைப் பற்றி 1851-ல் எழுதினார். அதில் அவர் விவரித்த துள்ளிக் குதிக்கும் எறும்பு ஒன்றை இன்றைக்கும் உலக ஆய்வகங்கள் விடாமல் ஆராய்கின்றன. 1862-64-ல் வந்த ‘தி பேர்ட்ஸ் ஆஃப் இந்தியா’தான் அவருடைய பெரிய புத்தகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். அங்கங்கே சிதறிக் கிடந்த தகவலெல்லாம் முதல்முறையாக ஒரே இடத்தில்! பிறகு அசாமில் கடும் காய்ச்சல் அவரைப் படுக்க வைத்தது. 1870-ல் ஊர் திரும்பியவர், 1872 ஜூன் 12-ல் லண்டன் அருகே இறந்தார். வயது 60.

சரி, பறவைக்கெல்லாம் தன் பெயரை அவரே வைத்துக்கொண்டாரா? இல்லை. புஷ்லார்க்கை 1845-ல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர், கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் எட்வர்ட் பிளைத். 1848-ல் இன்னொரு பறவையையும் விவரித்தார். அதுதான் ஜெர்டன்ஸ் கோர்சர். இரவில் நடமாடும் தரைப்பறவை. 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாததால், அழிந்தே போய்விட்டது என்று நினைத்தார்கள்.

1986 ஜனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கடப்பா பகுதியில் தேடியபோது, உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் இரவில் அதை உயிரோடு பிடித்து வந்தார். விஞ்ஞானிகளுக்கு அது அதிசயம். உள்ளூரிலோ அதற்கு ‘கலிவி கோடி’ என்று பெயரே இருந்தது; களாப்புதர்க் கோழி என்று சொல்லலாம். சென்னைக்குக் கிருஷ்ணா நீர் கொண்டுவரும் தெலுங்கு கங்கைக் கால்வாய் இதன் வாழிடத்துக்குள் வந்தபோது, பறவைக்காகக் கால்வாயின் பாதையை மாற்றினார்கள்.

இப்போ ஒரு புது விவாதம் ஓடுகிறது. மனிதர்களின் பெயரைத் தாங்கிய ஆங்கிலப் பறவைப் பெயர்களை மாற்றப்போவதாக அமெரிக்கப் பறவையியல் சங்கம் 2023 நவம்பரில் அறிவித்தது. பறவையின் நிறம், குரல், வாழிடம் இவற்றை வைத்துப் பெயர் இருக்கட்டும் என்கிறது ஒரு தரப்பு. பழைய பெயரை மாற்றினால் குழப்பம்தான் மிச்சம் என்கிறது இன்னொரு தரப்பு. என் ஓட்டு ‘கலிவி கோடி’க்குத்தான், எந்தப் புதரில் தேட வேண்டும் என்பதையும் அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. ஆனால், அந்தச் சங்கத்தின் முடிவு அமெரிக்கக் கண்டப் பறவைகளுக்கு மட்டும். அதனால் செஞ்சிப் பக்கம் பாறையிலிருந்து எழும்பும் அந்தப் பழுப்புப் பறவை, ஆப்பில் இன்னும் ஜெர்டனுடையதுதான்.