தஞ்சைக் கோவிலை இரட்டைப் படம் எடுத்த கேப்டன்

ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். விரலை முகத்துக்கு நேரே நீட்டிப் பாருங்கள். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து, மறு கண்ணை மூடுங்கள்.

விரல் இடம் மாறியதுபோல் தெரிகிறது அல்லவா?

விரல் நகரவில்லை. வலக்கண் பார்ப்பது ஒரு காட்சி. இடக்கண் பார்ப்பது சற்றே வேறான காட்சி. இரு கண்களுக்கும் நடுவே சுமார் 2½ அங்குல தூரம் இருக்கிறது. அதனால் வரும் வித்தியாசம் இது.

இரண்டு காட்சிகளையும் மூளை ஒன்றாகச் சேர்க்கிறது. எது கிட்டே இருக்கிறது, எது எட்ட இருக்கிறது என்பது அதனால்தான் நமக்கு உடனே தெரிகிறது.

இந்த இரு கண் வித்தையைக் கொண்டு தஞ்சைப் பெரிய கோவிலைப் படம் எடுத்தார் ஒரு ராணுவ கேப்டன். 1858ம் ஆண்டிலேயே எடுத்தார்! அவர் பெயர் லின்னேயஸ் டிரைப்.

பதினேழு வயதில் ராணுவம்

டிரைப் 1822ம் ஆண்டு இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். பெற்றோருக்கு 12 பிள்ளைகள். அவர்களில் இவர் 9வது பிள்ளை.

பெரிய குடும்பம். பிள்ளைகள் சீக்கிரமே வேலை தேடவேண்டும். 1839ல், 17 வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் டிரைப் சேர்ந்தார். கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்தார்.

பத்து வருஷத்துக்கு மேல் சிப்பாய்ப் படையில் பணி செய்தார். பிறகு விடுமுறையில் ஊருக்குப் போனார். உடல் நலம் குன்றியதால் அந்த விடுமுறை நீண்டது. 1854 வரை அங்கேயே தங்கினார்.

அந்த ஓய்வுதான் அவர் வாழ்க்கையை மாற்றியது. அங்கே அவர் காமிராவைக் கையில் எடுத்தார்.

வீட்டுக்கு வீடு இரட்டைப் படம்

அப்போது இங்கிலாந்தில் புகைப்படம் புதுமை. அதிலும் புதுமை இரட்டைப் படம்.

இரு கண் வித்தையை விளக்கி 1838ல் ஒரு கருவி செய்து காட்டினார் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற விஞ்ஞானி. டேவிட் புரூஸ்டர் என்பவர் அதையே கையில் பிடித்துப் பார்க்கும் சிறு பெட்டியாக மாற்றினார். பெட்டியில் இரண்டு கண்ணாடி வில்லைகள் இருக்கும். ஒரே காட்சியின் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உள்ளே செருகவேண்டும். ஒரு படம் வலக்கண்ணுக்கு. மற்றது இடக்கண்ணுக்கு. இதற்கு 'ஸ்டீரியோஸ்கோப்' என்று பெயர்.

பெட்டிக்குள் பார்த்தால் தட்டைப் படம் தட்டையாக இராது. தூண் முன்னே வரும். சுவர் பின்னே போகும். மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நடந்து போகலாம் போலத் தோன்றும்!

1851ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் இந்தப் பெட்டியை விக்டோரியா மகாராணி பார்த்து மகிழ்ந்தார். அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

1853ல் லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கியது. அந்த வருஷமே டிரைப் அதில் உறுப்பினர் ஆனார்.

பேலூரிலிருந்து பர்மா வரை

1854ல் டிரைப் பெங்களூர் திரும்பினார். டிசம்பர் மாதம் விடுமுறை எடுத்து, பேலூர், ஹளேபீடு கோவில்களைப் படம் பிடித்தார். 1855ல் சென்னையில் ஒரு பொருட்காட்சி நடந்தது. அங்கே இவர் படங்களுக்குப் பரிசு கிடைத்தது.

கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி இவரைக் கவனித்தார். அதே ஆண்டு பர்மா அரசரிடம் ஒரு தூதுக்குழு சென்றது. டிரைப்பையும் உடன் அனுப்பினார். அங்கே எடுத்த படங்களில் 120ஐத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 50 பிரதிகள் எடுத்தார் டிரைப். மொத்தம் 6,000 பிரதிகள்! அச்சு இயந்திரம் இல்லை. தாளை ஒவ்வொன்றாகப் பக்குவம் செய்து, வெயிலில் வைத்து எடுத்தவை.

அதன் பின் சென்னை சர்க்கார் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. கோவில்கள், சிற்பங்கள், கல்வெட்டுகள் எல்லாம் அழியும் முன்னே படமாகிவிட வேண்டும் என்பது உத்தரவு.

காவிரிக் கரையில்

1857 டிசம்பரில் பயணம் தொடங்கியது. அப்போது வடக்கே சிப்பாய்ப் புரட்சி இன்னும் அடங்கவில்லை. தெற்கே டிரைப்பின் மாட்டு வண்டிகள் காமிராவைச் சுமந்து புறப்பட்டன.

ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருவையாறு என்று சுற்றினார். நாலு மாதத்துக்கு மேல் அந்தப் பயணம் நடந்தது. மார்கழி, தையில் சோழ நாட்டில் சம்பா விளைந்து நிற்கும். பிறகு அறுப்பும் களமும். அதன் பின் வெயில் ஏறும். வெயில் ஏற ஏறப் படம் எடுப்பவருக்குக் கஷ்டம். அவர் கொண்டு வந்தது மெழுகு ஏற்றிய தாள். அதன்மேல் வெள்ளி உப்பு ஏற்றியிருக்கும். சூடு அதிகமானால் மருந்து கெடும். படமும் கெடும்.

தஞ்சையில் அப்போது அரசர் இல்லை. கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி அரச பட்டத்தையே ஒழித்துவிட்டது. ஆனால் நெல் வயல்களுக்கு மேலே பெரிய கோவிலின் விமானம் 200 அடிக்கு மேல் அப்படியே நின்றது.

அந்தக் கோவிலைத் தட்டைப் படத்தில் காட்டுவது சுலபம் அல்ல. கோபுர வாசல், நந்தி மண்டபம், விமானம் எல்லாம் ஒரே நேர்வரிசையில் இருக்கின்றன. படத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியதுபோல் ஆகிவிடும். நடுவே இருக்கும் விசாலமான திருமுற்றம் மறைந்துவிடும். தஞ்சையில் பிறந்த குழந்தைக்கு அந்த முற்றம் தெரியும். லண்டனில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

அதற்குத்தான் இரட்டைப் படம். பெரிய படங்களோடு, பெட்டியில் வைத்துப் பார்க்கும் இரட்டைப் படங்களையும் டிரைப் எடுத்தார். மதுரைக்கு ஒரு தொகுதி. திருச்சி, தஞ்சை முதலிய ஊர்களுக்கு ஒரு தொகுதி. இரண்டும் 1858ல் வெளிவந்தன. முற்றத்தின் ஆழமும், மண்டபத்தின் நீளமும், தூண்களின் இடைவெளியும் கடல் கடந்து போயின.

21 தாள், 19 அடி

இன்னொரு வேலையும் செய்தார். அது பொறுமையின் உச்சம்.

பெரிய கோவில் விமானத்தின் அடிப்பீடத்தில் தமிழ்க் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. ஒரு படத்துக்குள் அவை அடங்கா. டிரைப் காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி வைத்துப் படம் எடுத்தார். 21 பிரதிகளை ஒட்டினார். சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படம் கிடைத்தது!

கோவிலைக் கட்டியவர் யார் என்பதில் அப்போது படித்தவர்களுக்கே குழப்பம். பல கதைகள் உலவின. பல ஆண்டு கழித்து ஹூல்ஷ் என்ற ஜெர்மன் அறிஞர் அங்குள்ள கல்வெட்டுகளைப் படித்தார். கட்டியவர் முதலாம் ராஜராஜ சோழன் என்பதை உலகுக்குத் தெளிவாக்கினார். டிரைப் அந்த எழுத்துகளைப் படித்து அறிந்தவர் அல்ல. ஆனால் அவை முக்கியமானவை என்று உணர்ந்தார்.

வேலை போயிற்று

1859ல் சென்னைக்குப் புதுக் கவர்னர் வந்தார். அவர் பெயர் சார்லஸ் டிரவெல்யன். சிப்பாய்ப் புரட்சியால் கஜானா காலியாகியிருந்தது. எங்கே செலவைக் குறைக்கலாம் என்று பார்த்தார். புகைப்பட வேலை கண்ணில் பட்டது. இது ஆடம்பரச் செலவு என்று முடிவு செய்தார். நிறுத்தச் சொல்லிவிட்டார்.

டிரைப்புக்கு இது பேரிடி. கோவில் கோவிலாகப் போய்ச் சேர்த்த அனுபவம் எல்லாம் ஒரே உத்தரவில் முடிந்தது. 1860ல் புகைப்பட நிலையம் மூடப்பட்டது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! மேலிடத்து வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததால், அதே 1860ல் கவர்னர் டிரவெல்யன் பதவியும் பறிபோயிற்று.

டிரைப் ராணுவப் பணிக்குத் திரும்பினார். அதன் பின் காமிராவை அவர் தொட்டது மிகச் சொற்பம். ஓய்வு பெற்றபின் பிறந்த ஊர்ப் பக்கமே போய்ச் சேர்ந்தார். 1902ல், 80வது வயதை நெருங்கும்போது, காலமானார்.

ஆடம்பரமா, பொக்கிஷமா?

டிரைப் முழு மூச்சாகப் படம் எடுத்தது ஏறக்குறைய ஆறே வருஷம். நெடுங்காலம் அவரை உலகம் மறந்திருந்தது.

2014, 2015ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களின் பெரிய காட்சிச் சாலைகளில் அவர் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். மக்கள் வந்து பார்த்தார்கள். ஆடம்பரம் என்று தள்ளிய படங்கள் பொக்கிஷமாகிவிட்டன.

அந்த இரு கண் வித்தையும் சாகவில்லை. 1984ல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' படம் வந்தபோது, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்த குழந்தைகள், திரையிலிருந்து வந்த பொருளைப் பிடிக்கக் கை நீட்டினார்கள். இன்று பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குக்கூட ஆழம் சேர்க்கிறார்கள். வலக்கண்ணுக்கு ஒரு படம், இடக்கண்ணுக்கு ஒரு படம். தத்துவம் அதேதான்.

அடுத்த முறை குழந்தைகளுடன் பெரிய கோவிலுக்குப் போனால், நந்தி மண்டபத்தின் அருகே சற்று நில்லுங்கள். ஒரு கண்ணை மூடி விமானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இரு கண்ணாலும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே அடிப்பீடத்து எழுத்துகளையும் காட்டுங்கள். அங்கே வெயிலில் நின்று, காமிராவை நகர்த்தி நகர்த்தி வைத்த ஒரு மனிதரின் கதையையும் சொல்லுங்கள்.