கோழிக்கூட்டைக் கலைக்கூடமாக்கிய தாய்

கோல்புறூக் - கமரன் ஆணைக்குழு என்ற பெயரை நம் பாடசாலைப் பிள்ளைகள் சரித்திரப் பாடத்தில் மனனம் செய்திருப்பார்கள். 1833ஆம் ஆண்டில் இத்தீவின் நிருவாகத்தை ஒன்றாக்கி, சட்டநிரூபண சபையை ஏற்படுத்தி, இராசகாரிய முறையை ஒழித்த சீர்திருத்தங்கள் அந்த ஆணைக்குழுவின் சிபாரிசுகளிலிருந்து பிறந்தவை. பரீட்சை முடிந்ததும் பெயரும் மறந்துபோகும். அந்தக் கமரன் துரை நமக்கு மிகவும் பழக்கமான ஓர் இடத்தில், பொகவந்தலாவையிலுள்ள புனித மரியன்னை அங்கிலிக்கன் ஆலயத்து மயானத்தில்தான் அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார் என்பதை அறிந்தவர் சிலரே. அவரோடு அங்கே துயில்பவர் அவருடைய மனைவி ஜூலியா மார்கிரட் கமரன். இன்று உலகத்துப் பெரும் அரும்பொருட்சாலைகளில் கணவரின் பெயரை யாரும் கேட்பதில்லை. மனைவியின் பெயரைத்தான் கேட்கிறார்கள்.

ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, நாற்பத்தெட்டு வயதில் முதன்முறையாகக் கமராவைக் கையில் எடுத்து, புகைப்படம் என்பதும் ஒரு கலையே என்று நிலைநாட்டியவர் இந்த அம்மையார். அவருடைய சீவியத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது நம் தாய்மாருக்கும், அவர்களைவிட அதிகமாக நம் தந்தைமாருக்கும் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

ஜூலியா 1815ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பற்றில் கிழக்கிந்தியக் கம்பனி உத்தியோகத்தர். தாய் பிரெஞ்சுப் பிரபு குலத்தைச் சேர்ந்தவர். சகோதரிகள் பலர். அவர்களுள் அழகிகள் என்று பேர் பெற்றவர்கள் மற்றவர்கள். ஜூலியாவை அப்படி யாரும் சொன்னதில்லை. பின்னாளில் அழகைத் தேடித் தேடிப் படமெடுத்தவர் தம் வீட்டில் அழகற்றவளாகக் கருதப்பட்ட பெண் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைப் பருவத்தின் பெரும் பகுதியைப் பிரான்சிலே பாட்டியாரிடம் கழித்தார்.

1836இல் உடல்நலம் தேறுவதற்காகத் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றிருந்தபோது அவருடைய வாழ்வை அமைத்த இருவரைச் சந்தித்தார். ஒருவர் வானசாத்திரி சேர் ஜோன் ஹேர்ஷல். மற்றவர் சாள்ஸ் ஹே கமரன். ஜூலியாவைவிட இருபது வயது மூத்தவர். 1838இல் கல்கத்தாவில் விவாகம் நடந்தது. கமரன் இந்திய சட்ட ஆணைக்குழுவிலும் பின்னர் கவர்னர் ஜெனரலின் ஆலோசனை சபையிலும் இருந்தவர். சட்டத் துறையில் மேதை. பண விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. இலங்கையில் பெருந்தொகையான காணிகளை வாங்கிக் கோப்பித் தோட்டங்களில் முதலிட்டார். இராசகாரியத்தை ஒழித்து இந்நாட்டைத் தோட்ட முதலாளிகளுக்குத் திறந்துவிட்ட ஆணைக்குழுவில் இருந்தவரே பிற்பாடு காணி உறுதியிலும் கையொப்பமிட்டார். சரித்திர ஆசிரியர்கள் இதை மெதுவாகக் கடந்துபோகிறார்கள். நாம் கடந்துபோக வேண்டியதில்லை.

ஒரு மகளும் ஐந்து ஆண்மக்களும் பிறந்தார்கள். இவர்களோடு தாய் தந்தையற்ற உறவினர் பிள்ளைகளையும் வீட்டிலே சேர்த்துக்கொண்டார் ஜூலியா. சும்மா இருக்கத் தெரியாத பெண். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது கல்கத்தாவிலே வீடு வீடாகப் பணம் சேர்த்து அனுப்பினார். ஜெர்மன் மொழிக் கதைப்பாட்டு ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்து 1847இல் வெளியிட்டார். கடிதம் எழுதத் தொடங்கினால் தாள் முடிந்தாலும் கடிதம் முடியாது. உள்ளே ஏதோ ஒன்று வெளிவரத் துடித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஏற்ற பாத்திரம்தான் கிடைக்கவில்லை.

1848இல் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. 1860இல் தெற்கே வைற் தீவில் பிறஷ்வோட்டர் என்னும் கடற்கரைக் கிராமத்தில், கவிஞர் தெனிசன் வீட்டுக்கு அயலில், வீடு வாங்கினார்கள். வீட்டுக்கு இட்ட பெயர் டிம்போலா. நம் திம்புள்ளதான் அது! தங்கள் தோட்டம் இருந்த இடத்தின் பெயரை ஆங்கிலக் கடற்கரையில் எழுதி வைத்தார்கள். அங்கே கதிரைகளும் புத்தகங்களும் விருந்தும் நடக்க, இங்கே திம்புள்ள மலையில் காடு வெட்டிக் கோப்பி பறித்தவர்கள் இராமேஸ்வரம் வழியாக மன்னாரில் இறங்கி, மாத்தளைக் காட்டுப் பாதையில் நடந்து வந்த நம் முன்னோர். நடந்த வழியிலேயே கொள்ளை நோயில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். அந்த வீட்டின் ஒவ்வொரு வேளை உணவிலும் அவர்களுடைய வியர்வை இருந்தது.

1863ஆம் ஆண்டு மார்கழி. கமரன் தோட்டங்களைப் பார்க்க இலங்கை சென்றிருந்தார். மூத்த பிள்ளைகள் தத்தம் வழியில் போய்விட்டார்கள். கடைக்குட்டி ஹென்றிக்கு மட்டும் 11 வயது. தாயின் தனிமையை உணர்ந்தவள் மகள் ஜூலியா. விவாகமாகித் தானும் தாயாகிவிட்ட அந்த மகளும் மருமகனும் ஒரு கமராவை வாங்கிப் பரிசாக அனுப்பினார்கள். பொழுதுபோக்குக்கு உதவட்டும் என்றே நினைத்தார்கள்.

அக்காலத்துக் கமரா இன்று நம் பிள்ளைகள் சட்டைப்பையில் வைத்திருக்கும் கைத்தொலைபேசி போன்றதன்று. பெரிய மரப்பெட்டி. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசைத் திரவத்தை ஊற்றி, இருட்டறையில் வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்து, ஈரம் காயுமுன் கழுவி முடிக்க வேண்டும். கைகள் கறுத்துப்போகும். கழுவும் மருந்தில் சயனைட்டு நஞ்சு உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளிவர வேண்டும். எதிரே இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். குழந்தைகளை அப்படி இருத்துவது எவ்வளவு பாடு என்பதை ஞாயிறு மறைப்பாட வகுப்பு நடத்துவோர் அறிவர்.

அம்மையாருக்கு வீட்டில் தனியறை கிடையாது. நிலக்கரி போட்டு வைத்த கொட்டிலை இருட்டறையாக்கினார். கண்ணாடிக் கூரையிட்ட கோழிக்கூட்டைத் திறந்து கோழிகளை வெளியே விட்டுவிட்டு அதையே படப்பிடிப்புக் கூடமாக்கினார். 1864 ஜனவரியில் அனி பில்பொட் என்ற சிறுமியை எடுத்த படம் நன்றாக வந்தது. அதைத் தம் முதல் வெற்றி என்று குறித்து வைத்தார். வீட்டிலே ஓடித்திரிந்து எல்லோருக்கும் காட்டினார். அந்த ஒரு நாளோடு பொழுதுபோக்கு என்ற சொல் பொருத்தமற்றதாகிவிட்டது.

படமெடுக்க அவருக்கு ஆள் தேடி அலைய நேரமில்லை. வீட்டில் இருந்தவர்களையே பிடித்தார். பேரப்பிள்ளைகளுக்கு அன்னச் சிறகு கட்டிச் சம்மனசுகளாக்கினார். வேலைக்காரப் பெண் மேரி ஹிலியர் முக்காடு போட்டுக் குழந்தையை மடியில் ஏந்தி உட்கார்ந்தால் அது தேவ அன்னையின் படமாகிவிடும். புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் கூறும் ஆவியின் கனிகள் ஒன்பதையும் தாயும் பிள்ளைகளுமாக ஒன்பது படங்களில் எடுத்து, அவற்றைப் பிரித்தானிய அரும்பொருட்சாலைக்குக் கொடுத்தார். சுவரில் மாட்டும் வர்ணப் படங்களில் நாம் பழகிய கன்னிமரி அல்ல அவர் காட்டும் கன்னிமரி. கண்ணின் கீழ் களைப்புள்ளவள். நித்திரையில்லாத இரவுகளை அறிந்தவள். ஆறு பிள்ளைகளுக்குக் கண்விழித்தவரல்லவா படம் பிடித்தவர்? தாய்மை அவருடைய கலைக்கு இடைஞ்சலாக இருந்தது என்று சொல்வாருண்டு. அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பெரியோரும் தப்பவில்லை. தெனிசன், டார்வின், கார்லைல், நரை முடியோடு ஹேர்ஷல் எல்லோரும் அவருடைய கமராவின் முன் அமர்ந்தார்கள். டார்வினையும் ஹேர்ஷலையும் இன்று நாம் மனக்கண்ணில் காணும் முகம் பெரும்பாலும் இந்த அம்மையார் எடுத்த முகமே.

புகைப்படச் சங்கத்தார் ஏளனம் செய்தார்கள். படம் தெளிவில்லை, தகட்டில் கறை, கீறல், விரலடையாளம் என்றார்கள். பெண் என்றபடியால் இரங்கிப் பேசுவதுபோல் பேசி இன்னும் தாழ்த்தினார்கள். கறையும் கீறலும் இருந்தது உண்மைதான். மங்கலை மட்டும் அவர் வேண்டுமென்றே வைத்துக்கொண்டார். துணியின் மடிப்பையும் பொத்தானையும் துல்லியமாகக் காட்டுவதல்ல, முகத்தின் உள்ளே இருப்பதைக் காட்டுவதே தம் வேலை என்பது அவருடைய கொள்கை. இலண்டன் சவுத் கென்சிங்டன் அரும்பொருட்சாலை 1865இலேயே அவருடைய படங்களை வாங்கியது. 1868இல் படமெடுக்க இரண்டு அறைகளையும் கொடுத்தது.

புகழ் வந்தது, பணம் வரவில்லை. ஆண்மக்களின் படிப்புச் செலவுக்கு இப்படங்கள் உதவும் என்று மெய்யாகவே நம்பியிருந்தார். படங்களுக்கு உரிமைப் பதிவு செய்தார், வியாபாரிகள் மூலம் விற்றார். ஆனால் விற்றதைவிட அன்பளிப்பாகக் கொடுத்தது அதிகம். மருந்துக்கும் கண்ணாடிக்கும் செலவு கூடிக்கொண்டே போயிற்று. செல்வந்தரான ஓவர்ஸ்டன் பிரபு போன்ற நண்பர்களிடம் குடும்பம் கடன்பட்டது. 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் பொடிபோலத் தோன்றிய நோய் மலைநாடெங்கும் பரவத் தொடங்கியது. அதன் தாக்கம் டிம்போலா வீட்டுச் சாப்பாட்டு மேசைவரை வந்தது.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆறு பிள்ளைகளின் தாய் எப்படி இத்தனையும் செய்தார்? சமையலுக்கும் துணிக்கும் தண்ணீர் அள்ளவும் பணிப்பெண்கள் இருந்தார்கள். மேரி ஹிலியர் படத்துக்கு உட்கார்ந்து எழுந்தபின் பாத்திரம் தேய்க்கப் போனாள். மேரி றயன் என்ற இன்னொருத்தி, தாயோடு பிச்சையெடுத்து நின்ற அயர்லாந்துச் சிறுமி. அம்மையார் அழைத்து வந்து எழுத்துப் படிப்பித்து, வேலைக்கும் வைத்து, படமும் எடுத்தார். படக் காட்சியில் அவளைக் கண்டு மனம் பறிகொடுத்த ஹென்றி கொற்றன் என்ற இந்திய சிவில் சேவை உத்தியோகத்தர் 1867இல் அவளை மணந்தார். இந்தக் கொற்றன்தான் 1904இல் இந்திய தேசிய காங்கிரசின் பம்பாய் மகாசபைக்குத் தலைமை வகித்தவர். பிச்சைக்காரியின் மகள் கொற்றன் சீமாட்டியானாள். நல்ல கதைதான். ஆயினும் ஒரு தாய்க்கு ஓய்வு கிடைக்க வேறு பெண்களின் ஓய்வு செலவாயிற்று என்பதும் மெய்.

நம் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு மலைக்கு ஏறும் தாய்மாரை எண்ணிப் பாருங்கள். 1984 வரை ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறித்தவர்கள். தாலாட்டும் ஒப்பாரியும் தாமே கட்டிப் பாடியவர்கள். எழுதி வைக்க நேரமும் இல்லை, எழுத்தும் இல்லை. அவர்களுக்குத் திறமை இல்லாமலா போயிற்று? தாலந்து உவமையைப் பிரசங்கிக்கும்போது, புதைத்து வைத்தவனைக் கண்டிக்கிறோம். புதைக்கப்பட்டவற்றை யார் புதைத்தார்கள் என்று கேட்பதில்லை. வீட்டில் ஒரு மணி நேரம் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளாத தகப்பன்மாரும் இதில் பங்காளிகளே.

1873இல் கமராவைப் பரிசளித்த மகள் பிரசவத்திலே இறந்துபோனாள். வயது 34. பத்தாண்டுகளுக்கு முன் தாய்க்கு ஒரு புது வாழ்வைக் கொடுத்தவளைத் தாய் மண்ணில் வைத்தார். அதற்குப் பின்னும் வேலையை விடவில்லை. 1874இல் தம் கலை வாழ்வைப்பற்றி ஒரு குறிப்பு எழுதத் தொடங்கினார், முடிக்கவில்லை. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் தெனிசனின் அரசர் கதைப் பாடல்களுக்குப் படமெடுத்துத் தந்தார். அதில் முதிய மந்திரவாதியாக வேடமிட்டவர் கமரன் துரையேதான். வெண்தாடிக் கணவரை இதற்கும் பயன்படுத்திக்கொண்டார்.

1875 ஐப்பசியில் தம்பதிகள் இலங்கைக்குப் புறப்பட்டார்கள். கடன் ஒரு காரணம். ஆண்மக்கள் சிலர் இங்கே தோட்டத்திலும் உத்தியோகத்திலும் இருந்தது மற்றக் காரணம். கமரன் துரைக்கு இத்தீவின்மேல் அளவற்ற ஆசை. கப்பலில் ஒரு பசுவையும், இருவருக்குமான சவப்பெட்டிகளையும் ஏற்றினார்கள். பெட்டிகளை வெறுமையாக விடாமல் பீங்கானும் கண்ணாடிப் பாத்திரமும் நிரப்பிக் கொண்டுவந்தாராம் அம்மையார். இல்லத்தரசியின் புத்தி!

மகன் ஹார்டிங் களுத்துறையில் அரசாங்க உத்தியோகம் பார்த்தார். அங்கேயும் தோட்டத்து வீடுகளிலுமாக மாறி மாறி வாழ்ந்தார்கள். புகையிரதம் அப்போது நாவலப்பிட்டிவரைதான். ஹற்றனுக்கு அது வந்தது 1884இல். அதற்கு மேல் வண்டியும் குதிரையும் காலும். ஈரக் காற்றில் தகடுகள் கெட்டன, மருந்து கிடைப்பது அரிது. இங்கிலாந்தில் 12 ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களை எடுத்தவரின் இலங்கைப் படங்களில் முப்பதுகூட இன்று எஞ்சவில்லை. 1877இல் இங்கு வந்த மேரியன் நோர்த் என்ற ஓவிய மாது களுத்துறை வீட்டில் தங்கியபோது, அவருக்குச் சால்வை போர்த்தி, தென்னோலையின் கீழ் நிறுத்திப் படமெடுத்தார். மற்றவை பெரும்பாலும் இந்நாட்டு ஏழை மக்களின் படங்கள். இங்கிலாந்தில் வேலைக்காரப் பெண்ணுக்கும் ஒரு பெயர் எழுதி வைத்தவர், இங்கே தம் கமராமுன் நின்ற பெண்கள் பெரும்பாலோரின் பெயரை எழுதவில்லை. முகம் இருக்கிறது, கூர்ந்து நம்மைப் பார்க்கும் கண்கள் இருக்கின்றன, பெயர் இல்லை.

1878இல் ஒருமுறை இங்கிலாந்து சென்று வந்தார். மறு ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கேர்ன் தோட்டத்து வீட்டில் உயிர் நீத்தார். வயது 63. கணவர் 1880இல் பின்சென்றார். கோப்பி அழிந்து மலைகளில் தேயிலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. கடைக்குட்டி ஹென்றி பின்னாளில் இலண்டனில் புகைப்படக்காரராகவே தொழில் நடத்தினார். அம்மையாரின் சகோதரி மகளுக்குப் பிறந்தவர் எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்ஃப். அவர் 1926இல் தம் பெரியபாட்டியின் படங்களைத் தொகுத்து நூலாக்கினார். மூன்று ஆண்டுகள் கழித்து, எழுத விரும்பும் பெண்ணுக்குத் தனக்கென்று ஓர் அறையும் கொஞ்சம் பணமும் வேண்டும் என்று வாதாடி ஒரு நூலும் எழுதினார். பெரியபாட்டிக்குக் கிடைத்தது ஒரு கோழிக்கூடு.

பொகவந்தலாவைப் பக்கம் போகிறவர்கள் அந்தச் சிறிய கல் ஆலயத்தின் மயானத்துக்குள் ஒருமுறை சென்று பாருங்கள். கல்லறையைச் சுற்றித் தேயிலை மலை. காலை வேளையாயின் கொழுந்துக் கூடையோடு பெண்கள் நிற்பார்கள்.