உழைப்பின் மதிப்பை உணர்த்திய அய்யன்காளி

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையையும் பாலராமபுரத்தையும் நீங்கள் கடந்திருப்பீர்கள். பாலராமபுரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் சென்றால், விழிஞத்திற்கு அருகில் வெங்கானூர் உள்ளது. அவ்வூரில் 1863 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 ஆம் நாள் அய்யன், மாலா இணையருக்கு மகனாகப் பிறந்தவர் அய்யன்காளி.

அக்காலத்தில் இப்பகுதியும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தன. அடிமை முறை 1855 ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அய்யன்காளி பிறந்த புலையர் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாக நிலக்கிழார்களின் வயல்களையே நம்பி வாழ்ந்தனர். நாற்று நட்டவரும் கதிர் அறுத்தவரும் அவர்களே. ஆனால் அவர்கள் பெற்ற கூலி பசியாறப் போதவில்லை. பொதுச் சாலையில் நடக்க உரிமையில்லை. அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவும் திறக்கவில்லை.

1893 ஆம் ஆண்டு அய்யன்காளி தலைப்பாகை அணிந்து, வில்வண்டி பூட்டி, தடை செய்யப்பட்ட பொதுச் சாலையில் பயணம் செய்தார். 1907 ஆம் ஆண்டு சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தோற்றுவித்தார். வாரத்தில் ஒருநாள் ஓய்வு, கூலி உயர்வு, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றை அச்சங்கம் கோரியது.

நிலக்கிழார்கள் இணங்கவில்லை. எனவே உழவுத் தொழிலாளர்கள் வயலில் இறங்க மறுத்தனர். வயல்களில் களை மண்டியது. தொழிலாளர் குடிசைகளிலும் பசி சூழ்ந்தது. அந்நிலையில் விழிஞம் மீனவர்கள் அவர்களைத் தம் படகுகளில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டனர். அதனால் போராட்டம் தளரவில்லை. இறுதியில் அரசு நியமித்த நடுவர் முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது, கூலி உயர்ந்தது.

பள்ளிக்கான போராட்டமோ மேலும் நீண்டது. நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க அய்யன்காளி அழைத்துச் சென்றார். அதை எதிர்த்தவர்கள் அப்பள்ளிக்கே தீ வைத்தனர். ஆயினும் அவர் பின்வாங்கவில்லை.

1911 ஆம் ஆண்டு அவர் ஸ்ரீமூலம் பிரஜா சபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். தாம் எழுத்தறியாதவராயினும், அச்சபையில் தம் மக்களுக்கு நிலமும் கல்வியும் வேண்டி வாதாடினார். 1937 ஆம் ஆண்டு காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்தபோது, தம் சமூகத்தில் பத்துப் பேரேனும் பி.ஏ. பட்டம் பெறுவதைக் காண வேண்டும் என்னும் தம் விருப்பத்தை அவரிடம் தெரிவித்தார். 1941 ஆம் ஆண்டு ஜூன் 18 ஆம் நாள் மறைந்தார்.

மாணவர்களே, கூலி என்பது இரக்கத்தால் இடப்படும் கொடையன்று. உழைப்புக்கு உரிய பங்கு. அதனை ஒருவர் தனித்துக் கேட்டபோது கிடைக்கவில்லை. பலர் ஒன்றுபட்டு உறுதியுடன் நின்றபோது கிடைத்தது. வேலைக்காக ஊர் விட்டு வந்த பெற்றோரின் பிள்ளைகளாகிய நீங்கள், வகுப்பில் அமர்ந்து ஏடு திறக்கும் உரிமைக்குப் பின்னாலும் இத்தகையோரின் உழைப்பு உள்ளது என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.