கணப்பருகே வளர்ந்த முயல்

இலண்டன் மாநகரின் தென்கென்சிங்டன் பகுதியில் 1866ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் பீட்ரிக்ஸ் பாட்டர் பிறந்தார். அவருடைய தந்தை சட்டம் பயின்றவர்; வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை. ஆயினும் பீட்ரிக்சுக்கு விளையாட்டுத் தோழர்கள் இல்லை. அக்காலச் செல்வர் வீட்டுப் பெண் குழந்தைகள் பலரைப் போல அவரும் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. ஆசிரியையர் வீட்டிலேயே கற்பித்தனர். ஆறு வயது இளையவனான தம்பி பெர்ட்ரமும் சில ஆண்டுகளில் விடுதிப் பள்ளிக்குச் சென்றுவிட்டான். மேல்மாடியில் இருந்த பாட அறையே பீட்ரிக்சின் உலகமாயிற்று.

அவ்வுலகின் தனிமையைப் போக்கியவை சிற்றுயிர்களே. சுண்டெலி, முள்ளெலி, தவளை, பல்லி, வௌவால் எனப் பலவற்றை அவர் வளர்த்தார். அவற்றுக்கு உணவிட்டதோடு நில்லாமல், அவை உண்பதையும் உறங்குவதையும் உற்றுநோக்கி வரைந்துவந்தார்.

அவர் வளர்த்த உயிர்களுள் இரு முயல்கள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, கடையில் வாங்கிக் காகிதப் பையில் வீட்டுக்குக் கொண்டுவந்த பெஞ்சமின். வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டி என்றால் அதற்கு உயிர். தேநீர் வேளைக்கான மணியோசை கேட்டதும் ஓடிவரும். முயலுக்குப் புல்லும் உலர்புல்லுமே உகந்த உணவு என்பதை நாம் இன்று அறிவோம். நாயை அழைத்துச் செல்வதைப் போலவே பெஞ்சமினுக்கும் வார் கட்டி, அதனுடன் பீட்ரிக்ஸ் உலாவச் செல்வார். அம்முயலைப் பார்த்து வரைந்த படங்களை 1890ஆம் ஆண்டில் வாழ்த்து அட்டை நிறுவனம் ஒன்று ஆறு பவுன் கொடுத்து வாங்கியது. தம் கையால் பொருளீட்ட இயலும் என்பதை அவர் அன்று அறிந்தார்.

இரண்டாவது முயல் பீட்டர். நான்கு ஷில்லிங் ஆறு பென்சு என்ற அதிக விலை கொடுத்து, அதனை மிக இளங்குட்டியாக வாங்கினார். வீட்டுக்குள் முயற்குட்டி வளர்ப்பது எளிய செயலன்று. அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. ஆதலின் எதையேனும் கொறித்துக்கொண்டே இருக்கும். அது இயல்பிலேயே அஞ்சும் உயிர். உரத்த ஓசை கேட்டால் மூலையில் பதுங்கும். காதைப் பிடித்துத் தூக்குவது பெருந்தவறு. பின்கால்களைத் தாங்காமல் தூக்கினால், திமிறி உதைக்கும்போது அதன் முதுகெலும்பே முறியக்கூடும். அதட்டிப் பணியவைக்க இயலாத அவ்வுயிரின் நம்பிக்கையைப் பொறுமையால் மட்டுமே பெற முடியும்.

பீட்ரிக்ஸ் அதனைப் பெற்றார். பீட்டர் வளையத்தினுள் தாவியது. சிறு மணியை அடித்தது. குளிர் நாள்களில் கணப்பின் முன் விரித்த கம்பளத்தில் பூனையைப் போலப் படுத்துக் கிடந்தது. கோடை விடுமுறையில் குடும்பம் வெளியூர் சென்றபோது அதுவும் உடன் சென்றது.

1893ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள் பீட்ரிக்ஸ் ஸ்காட்லாந்தில் தங்கியிருந்தார். தம் பழைய ஆசிரியையின் மகனான ஐந்து வயது நோயல் நோயுற்றிருந்தான். அவனுக்கு ஆறுதலாக எதை எழுதுவது என்று தோன்றாமையால், நான்கு முயற்குட்டிகளின் கதையைப் படங்களுடன் மடலாக வரைந்தனுப்பினார். தாய் சொல்லைக் கேளாமல் பிறர் தோட்டத்தில் புகுந்து, அகப்படாமல் தப்பி ஓடிவந்த குறும்புக் குட்டிக்குப் பீட்டர் என்றே பெயரிட்டார்.

அம்மடலைச் சிறுவன் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தான். பின்னர்ப் பீட்ரிக்ஸ் அதனை இரவலாகப் பெற்று நூலாக விரித்தெழுதினார். பதிப்பகங்கள் பல அதனை மறுத்தன. சிறு கைகள் பிடிக்கத்தக்க சிறு நூலாகவே அது அமைய வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எனவே 1901ஆம் ஆண்டு டிசம்பரில் தம் செலவிலேயே 250 படிகள் அச்சிட்டார். மறு ஆண்டு பதிப்பகம் ஒன்று வண்ணப் படங்களுடன் வெளியிட, நூல் உலகெங்கும் பரவியது. கதையில் முயல் நீலச் சட்டை அணிந்திருக்கிறது; ஆயினும் அதன் காதும் காலும் அமரும் பாங்கும் உண்மை முயலுக்கே உரியவை. பல ஆண்டுகள் அருகிருந்து பார்த்த கண்கள் அல்லவா அவற்றை வரைந்தன!

ஆனால் அந்நூல் அச்சாவதற்கு முன்பே, 1901ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26ஆம் நாள், பீட்டர் இறந்துவிட்டது. அப்போது அதற்கு வயது ஏறத்தாழ ஒன்பது. அதன் நினைவைத் தம் நூலின் படி ஒன்றில் பீட்ரிக்ஸ் அன்போடு எழுதி வைத்தார்.

நூல் வருவாயோடு உறவினர் விட்டுச்சென்ற பணத்தையும் சேர்த்து, 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஒரு பண்ணையை வாங்கினார். பின்னர் வில்லியம் ஹீலிஸ் என்பவரை மணந்து அப்பகுதியிலேயே வாழ்ந்தார். அம்மலைகளுக்கே உரிய ஹெர்ட்விக் இனச் செம்மறியாடுகளைப் பேணி வளர்த்தார். 1943ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் மறைந்தபோது, 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை நாட்டு மக்களுக்காகத் தேசிய அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார்.

தோழர் இல்லாத சிறுமி ஒருத்தி மாடியறையில் சிற்றுயிர்களைப் பேணக் கற்றாள். அக்கல்வியே பின்னாளில் ஒரு மலைநாட்டைக் காத்தது.