ஹென்றி டூனான்ட் என்னும் வியாபாரி

மலேசியாவில் வெள்ளம் வந்தால் சிவப்புப் பிறை எழுதிய வண்டி உதவிக்கு வருகிறது. சிங்கப்பூரில் இரத்த தானம் செய்யும்படி நம்மைக் கேட்டு வருகிறவர்கள் செஞ்சிலுவைச் சங்கத்தார். இந்த இரண்டு அடையாளங்களுக்கும் வேர் ஒன்றுதான். அந்த வேரை ஊன்றியவர் டாக்டரல்லர், தளபதியல்லர், பாதிரியாருமல்லர். சரக்கும் முதலும் கணக்குமாக அலைந்த ஒரு வியாபாரி. அதிலும் வியாபாரத்தில் அடியோடு முறிந்து போனவர். அவருடைய சரித்திரத்தை நம் கடைத்தெரு சகோதரர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும் என்பதனால் இதை எழுதலானேன்.

ஹென்றி டூனான்ட் 1828-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி சுவிட்ஜர்லாந்து தேசத்தின் ஜெனீவா நகரில் பிறந்தார். தகப்பனாரும் வியாபாரிதான். அநாதைக் குழந்தைகளையும், சிறையிலிருந்து வெளிவந்து போக்கிடமின்றித் திரிந்தவர்களையும் கவனிப்பது அவருக்குத் தொழிலோடு தொழிலாக இருந்தது. தாயார் ஏழைகள் வீட்டிலும் நோயாளிகள் வீட்டிலும் நேரே போய் உதவுவார். ஆகவே பிள்ளைக்கு இது படித்து வந்த குணமன்று. வீட்டில் பார்த்து வந்த பழக்கம். பதினெட்டு வயதிலேயே தர்ம சங்கமொன்றில் சேர்ந்தார். சில வாலிபர்களைச் சேர்த்துக்கொண்டு வியாழக்கிழமைதோறும் கூடி, வேதம் படிப்பதும் ஏழைகளைப் போய்ப் பார்ப்பதுமாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் சிறைக்குச் சென்று கைதிகளோடு இருந்து வருவார்.

படிப்பு அவருக்கு ஓடவில்லை. மதிப்பெண் குறைந்ததனால் இருபத்தொரு வயதில் கல்லூரியை விட்டு நின்றார். பிறகு ஒரு வங்கியில் தொழில் பழகச் சேர்ந்தார். அந்த வேலையாகத்தான் 1853-ல் அல்ஜீரியா, டூனிஸ் முதலிய நாடுகளுக்குப் போனார். அல்ஜீரியா அப்போது பிரெஞ்சுக்காரர் பிடியில் இருந்தது. செத்தீஃப் என்ற இடத்துப் பெருநிலத்தைப் பிரெஞ்சு அரசாங்கம் ஜெனீவாக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்திருந்தது. அது அந்நாட்டு மக்களிடமிருந்து பிடுங்கப்பட்ட நிலம் என்பதையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது. டூனான்ட் பின்னர் தாமே முதல் திரட்டி அங்கே மாவு ஆலை வைக்கத் துணிந்தார். 1858-ல் டூனிஸ் நாட்டைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அதில் முஸ்லிம்களிடையே இருந்த அடிமை முறையையும் அமெரிக்காவில் இருந்த அடிமை முறையையும் ஒப்பிட்டு எழுதிய பகுதி, பிற்பாடு தனியாகவும் அச்சாயிற்று.

ஆலை வைத்தாயிற்று. ஆனால் அதற்கு வேண்டிய நிலமும், ஆலையை ஓட்டத் தண்ணீர் உரிமையும் தீர்மானமாகவில்லை. அதிகாரிகள் இன்று வா, நாளை வா என்று இழுத்தடித்தார்கள். முதல் போட்டவர்கள் நெருக்கினார்கள். இனிப் பெரிய இடத்தில்தான் முறையிட வேண்டும் என்று முடிவு கட்டி, பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனையே பார்க்கப் புறப்பட்டார். சக்கரவர்த்தியோ அச்சமயம் இத்தாலியில் ஆஸ்திரியரோடு யுத்தத்தில் இருந்தார். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு யுத்த களத்துக்கே போனவர் இவர். வியாபாரக் கஷ்டம் மனிதனை எங்கெல்லாம் கொண்டுபோகும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

1859-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி ஸோல்ஃபெரினோ என்ற ஊரருகே பெரும் போர் நடந்தது. இரு தரப்பிலும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று லட்சம் சிப்பாய்கள். ஒரே நாளில் நாற்பதாயிரம் பேர் வரை மாண்டும் காயப்பட்டும் வீழ்ந்தார்கள். டூனான்ட் அன்று மாலை பக்கத்து ஊராகிய காஸ்திக்லியோனேயில் வந்து இறங்கினார். காயப்பட்டவர்களை வண்டி வண்டியாக அங்கேதான் கொண்டுவந்து கொட்டினார்கள். மூன்றே நாளில் ஒன்பதினாயிரம் பேருக்கு மேல்! மாதாகோயில், மடம், பட்டாளக் கொட்டடி, வீடு, முற்றம், தெரு எங்கும் மனிதர் கிடந்தனர். பெரிய மாதாகோயிலில் மட்டும் ஐந்நூறு பேர். ஜூன் மாத வெயில், ஈ, துர்நாற்றம். பட்டாளத்து வைத்தியர்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. ஊரில் தண்ணீர் இல்லாமலில்லை; ரொட்டி இல்லாமலில்லை; கட்டுக் கட்டுவதற்குத் துணியும் ஓரளவு இருந்தது. எடுத்துக் கொடுக்கத்தான் ஆளில்லை. தண்ணீர் இருக்கும் ஊரில் மனிதர்கள் தாகத்தால் சாவதை டூனான்ட் கண்டார். அவருக்கு வைத்தியம் தெரியாது. இருந்தாலும் வெயிலுக்காகப் போட்டிருந்த வெள்ளை உடுப்போடேயே மாதாகோயிலுக்குள் போய் வேலையைத் தொடங்கிவிட்டார். சிப்பாய்கள் அவர் பெயர் அறியாமல் வெள்ளை உடுப்புக்காரர் என்றே சொல்லி வந்தார்கள்.

அவர் செய்த வேலைகளும் செய்வித்த வேலைகளும் என்னென்ன? ஊர்ப் பெண்களைத் திரட்டினார். கிழவிகளும் வந்தார்கள், குமரிகளும் வந்தார்கள். சிலர் ஒவ்வொருவர் வாயிலும் தண்ணீர் ஊற்றினார்கள். சிலர் புண்ணைக் கழுவினார்கள். சிலர் சூப்புக் காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். சிறுவர்கள் வாளியிலும், தோல் பையிலும், செடிக்கு நீர் விடும் பாத்திரத்திலுமாக ஊற்றுக்கும் கோயிலுக்கும் ஓடி ஓடித் தண்ணீர் சுமந்தார்கள். முதலில் தங்கள் பக்கத்துச் சிப்பாய்களை மட்டும் கவனித்த அப்பெண்கள், டூனான்ட் பேதம் பாராமல் எல்லாரையும் கவனிப்பதைக் கண்டு, தாங்களும் ஆஸ்திரியச் சிப்பாய்களைத் தம் மக்களைப் போலவே பார்க்கத் தொடங்கினார்கள். நேற்று வரை அவர்கள் ஊரை ஆண்டு அடக்கி வைத்திருந்த பகைவனின் சிப்பாய்கள் அவர்கள்!

கடைக்காரர்களாகிய நமக்கு நன்கு விளங்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. டூனான்ட் தம்முடைய வண்டிக்காரனைப் பிரெஷியா நகருக்கு அனுப்பிச் சரக்கு வாங்கிவரச் செய்தார். அந்தச் சரக்குப் பட்டியலை அவரே எழுதி வைத்திருக்கிறார்: சாமந்தி இனத்து மருந்துப் பூக்கள், எலுமிச்சை, ஆரஞ்சு, சர்க்கரை, சட்டைகள், கட்டுத் துணி, கடற்பஞ்சு, குண்டூசி, சுருட்டு, புகையிலை. புகையிலை எதற்கு என்று கேட்கலாம். அறையில் நிறைந்த துர்நாற்றத்தை அந்தப் புகைதான் சற்று மாற்றியது. கையையோ காலையோ அறுக்கும்போது வாயில் ஒரு சுருட்டு இருந்தால் சிப்பாய்க்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. எது தேவை என்று யோசித்து வாங்குவதும் ஓர் உதவிதான். பணத்தை மட்டும் வீசி எறிந்திருந்தால் அந்தக் கோயிலில் ஒருவனுக்கும் பயன்பட்டிராது.

இன்னொரு வேலை கடிதம் எழுதுவது. சாகக் கிடந்தவர்கள் தாய் தகப்பன் விலாசத்தைச் சொல்வார்கள், டூனான்ட் குறித்துக்கொள்வார். இருபது வயதான ஒரு வாலிபன் லியோன் நகரத்துத் தன் பெற்றோருக்குச் செய்தி சொல்லும்படி கேட்டு இறந்து போனான். டூனான்ட் சொல்லியனுப்பிய செய்தியைத் தவிர, அந்தப் பெற்றோருக்குத் தங்கள் மகனைப் பற்றி வேறு யாதொரு தகவலும் கிடைக்கவில்லை. வழிப்போக்கராக அங்கே வந்த நியூஷாட்டெல் ஊர் வியாபாரி ஒருவரும் இரண்டு நாள் தங்கிப் புண் கட்டியதோடு இப்படிக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தார். நம் தெருவில் ஒரு மய்யித்து விழுந்தால் ஒருவர் கபன் துணிக்கு ஓடுகிறார், ஒருவர் ஊருக்குத் தந்தி அடிக்க ஓடிய காலமும் இருந்தது. அதே மாதிரிச் சில்லறை வேலைகள்தான் இவையும். ஆனால் செய்ய ஆளில்லாதபோதுதான் அவற்றின் எடை தெரிகிறது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று எண்ணிவிட வேண்டாம். மறுநாளே ஆஸ்திரியப் பட்டாளம் திரும்பி வருகிறது என்று வதந்தி கிளம்பிற்று. ஜனங்கள் கதவை அடைத்துக்கொண்டார்கள். மூவர்ணக் கொடிகளை எரித்தார்கள். பிறகு அது பொய் என்று தெரிந்தது. அதைவிடப் பெரிய குறை வேறொன்று. முதல் இரண்டு நாள் ஓடி ஓடி உழைத்தவர்கள், போகப் போகக் களைத்து ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. யாருக்கும் பழக்கமில்லை, முறை வைத்து ஆள் மாற்ற ஏற்பாடில்லை, சாமான் சேர்த்து வைக்கவில்லை. மனம் இருந்தது, ஏற்பாடு இல்லை. இந்த ஒன்றுதான் டூனான்டின் மனத்தில் ஆணி அடித்தாற்போல் பதிந்தது.

சக்கரவர்த்தியிடம் கொண்டுபோன மனு பலிக்கவில்லை. ஊர் திரும்பிய டூனான்ட், கண்டதையெல்லாம் ஸோல்ஃபெரினோ நினைவு என்ற புத்தகமாக எழுதி, 1862-ல் தம் சொந்தச் செலவில் 1,600 பிரதிகள் அச்சிட்டார். அதன் கடைசியில் அவர் சொன்ன யோசனை எளியது: யுத்தம் வந்த பிறகு ஆள் தேடாதீர்கள், சமாதான காலத்திலேயே ஒவ்வொரு நாட்டிலும் தொண்டர் சங்கம் வைத்து, ஆட்களைப் பழக்கி, சாமான் சேர்த்து வையுங்கள், காயப்பட்டவனையும் அவனுக்குச் சிகிச்சை செய்பவனையும் எந்தப் பட்டாளமும் தொடக்கூடாது என்று அரசுகள் உடன்படிக்கை செய்யட்டும்.

புத்தகத்தைப் படித்த ஜெனீவா வக்கீல் குஸ்தாவ் மொய்னியே தாம் தலைமை வகித்த சங்கத்தில் இதை எடுத்துப் பேசினார். அவரும், தளபதி துஃபூரும், அப்பியா, மொன்வார் என்ற இரண்டு டாக்டர்களும், டூனான்டும் ஆக ஐவர் கொண்ட கமிட்டி 1863 பிப்ரவரியில் கூடியது. செஞ்சிலுவைச் சங்கத்தின் பிறப்பு அதுவே. 1864 ஆகஸ்ட் 22-ந் தேதி பன்னிரண்டு அரசுகள் ஜெனீவா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த மகாநாட்டில் டூனான்டுக்குக் கிடைத்த வேலை பிரதிநிதிகளுக்குத் தங்குமிடம், உபசாரம் பார்ப்பதுதான். மொய்னியேக்கும் அவருக்கும் ஏற்கெனவே மனத்தாங்கல் உண்டாகிவிட்டது.

துருக்கி உஸ்மானிய அரசு 1865-ல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1876-ல் யுத்தம் வந்தபோது, தன் சிப்பாய்கள் சிலுவைக் குறியை ஏற்கமாட்டார்கள் என்று அறிவித்து, அதற்குப் பதில் பிறையை வைத்துக்கொண்டது. 1929-ல் உலக ஒப்பந்தத்தில் பிறைக்கும் அங்கீகாரம் கிடைத்தது. மலேசியச் சங்கம் 1975-ல் செம்பிறைச் சங்கம் என்று பெயர் மாறியது.

இனி வருவது கசப்பான பகுதி. ஊர் ஊராக, அரண்மனை அரண்மனையாகச் சங்கத்துக்காக அலைந்த காலத்தில் டூனான்டின் அல்ஜீரியத் தொழில் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. 1867-ல் அவர் டைரக்டராயிருந்த ஜெனீவா வங்கியும் முறிந்தது. அவர் திவாலானார். கடன் ஏறக்குறைய பத்து லட்சம் பிராங்க். உறவினரும் நண்பரும் அவரை நம்பிப் போட்ட பணமும் அதில் போயிற்று. மறு வருஷம், அவர் சக டைரக்டர்களை ஏமாற்றினார் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாம் உண்டாக்கிய கமிட்டியிலிருந்தே அவர் விலக்கப்பட்டார். ஜெனீவாவை விட்டுப் போனவர் பிறகு ஒருநாளும் அங்கே திரும்பவில்லை.

அவரைப் பற்றி எழுதுவோரில் சிலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேறு சிலர் பொதுச் சேவையால்தான் அவர் வியாபாரம் கெட்டது என்று எழுதுகிறார்கள். வியாபாரி என்ற முறையில் எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. நிலமும் தண்ணீரும் கையில் வருமுன்பே பிறர் பணத்தை வாங்கி ஆலையில் போட்டது ஸோல்ஃபெரினோவுக்கு முந்திய தவறு. சேவை அந்தத் தவறைத் திருத்த அவருக்கு நேரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பணம் இழந்தவர்களின் கோபத்திலும் நியாயம் உண்டு. ஆனால் ஒருவன் கணக்கில் தவறினான் என்பதற்காக, ஒன்பதினாயிரம் பேர் கிடந்த ஊரில் அவன் செய்ததை அழித்துவிடவும் முடியாது. கமிட்டியார் அதைத்தான் செய்யப் பார்த்தார்கள்.

பிறகு இருபது வருஷம் நாடோடி வாழ்க்கை. பாரிஸில் இரவைப் பொது இடத்துப் பெஞ்சிலும் ரயில் நிலையத்திலும் கழித்ததுண்டு. நைந்த கோட்டுக்கு மை பூசிக் கறுப்பாக்குவார். சட்டைக் காலருக்குச் சுண்ணக்கட்டி தேய்ப்பார். ரொட்டித் துண்டை வழியிலேயே கடித்துக்கொண்டு போவார். அந்த நிலையிலும் 1870-71 யுத்தத்தில் பாரிஸ் நகரம் முற்றுகையிடப்பட்டபோது ஒரு நிவாரண சங்கம் அமைத்து உழைத்தார். யுத்தக் கைதிகளின் நலத்துக்காகவும் பேசித் திரிந்தார். காசு இல்லாதவனால் என்ன செய்ய முடியும் என்ற பேச்சு அவரிடம் இருந்ததில்லை.

1887-ல் சுவிட்ஜர்லாந்தின் மலைக் கிராமமாகிய ஹைடனுக்கு வந்து சேர்ந்தார். 1892 முதல் அங்குள்ள ஆஸ்பத்திரியில் 12-ம் எண் அறை அவருக்கு வீடாயிற்று. டாக்டர் ஆல்தேர் அவரைப் பராமரித்தார். உலகம் அவர் செத்துப்போனதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. 1895-ல் பத்திரிகாசிரியர் பாவும்பெர்கர் அவரைக் கண்டுபிடித்து எழுதிய கட்டுரையை ஐரோப்பாவெங்கும் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. 1901-ல் முதன்முதலாக வழங்கப்பட்ட நோபல் சமாதானப் பரிசு அவருக்கும், பிரெடெரிக் பாஸி என்ற பிரெஞ்சுக்காரருக்கும் பாதிப் பாதியாகக் கிடைத்தது. டூனான்டின் பங்கு சுமார் 104,000 பிராங்க். கடன்காரர் கையில் போகாதிருக்க, நண்பர் ஒருவர் அதை நார்வே நாட்டு வங்கியில் போட்டு வைத்தார். அதிலிருந்து அவர் தமக்கென்று செலவு செய்யவில்லை. அதே அறை, அதே சாப்பாடு.

1910 அக்டோபர் 30-ந் தேதி, தமது எண்பத்திரண்டாம் வயதில் காலமானார். அவர் விருப்பப்படி எந்தச் சடங்கும் ஆர்ப்பாட்டமும் இல்லாமல் ஜூரிக் நகரத்தில் அடக்கம் செய்தார்கள். கடன் முழுவதும் தீரவில்லை. அந்தப் பாரம் கடைசி நாள் வரை அவர் நெஞ்சை அரித்தது. உயிலில் தம்மைப் பார்த்துக்கொண்டவர்களுக்குக் கொஞ்சம், நார்வேயிலும் சுவிட்ஜர்லாந்திலும் உள்ள தர்ம காரியங்களுக்குக் கொஞ்சம் எழுதி வைத்தார். ஹைடன் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கும் பணம் ஒதுக்கினார். அந்தக் கிராமத்து ஏழை எவரேனும் நோயாய் வந்தால் காசில்லாமல் படுத்துக்கொள்வதற்கு.